படிவத்தில் நான் எழுத்தர்

எனக்கு ஒரே இடத்தில் உட்கார வராது. கல்யாணமாகி வடகரைக்கு வந்த பிறகும் அதே கதைதான். கணவர் ராணுவத்தில் இருக்கிறார். வருஷத்தில் பத்து மாசம் வடக்கே. வீட்டில் நானும் மகளும் மட்டும். அவள் பள்ளிக்கூடம் போனதும் முன்வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்துகொண்டே இருப்பேன். தென்காசியில் ஒரு சரக்கு குடோனில் கணக்கு எழுத ஆள் தேடுகிறார்கள் என்று தெரிந்த மறுநாளே பஸ் ஏறிவிட்டேன். அது ஆயிற்று ஐந்து வருஷம்.

குடோன் குற்றாலம் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில் இருக்கிறது. கேரளாவிலிருந்து புளியரை வழியாக மலை இறங்கி வரும் லாரிகளில் ரப்பர் ஷீட்டும் பாக்கும் வரும். இங்கிருந்து அரிசியும் வெங்காயமும் அந்தப் பக்கம் போகும். ஏழு லோடுமேன்கள், ஒரு வாட்ச்மேன், நான். மொத்தம் ஒன்பது பேர்தான் என்பதால் எங்களுக்கு ஈ.எஸ்.ஐ. கிடையாது. அதற்குப் பதிலாக முதலாளி வருஷா வருஷம் தொழிலாளர் இழப்பீட்டுக்கென்று ஒரு இன்சூரன்ஸ் பாலிசி எடுப்பார். வேலையில் யாருக்காவது அடிபட்டால் அவர் கொடுக்க வேண்டியதை அந்தக் கம்பெனி கொடுக்கும். ஆனி மாசம் அதைப் புதுப்பிக்க வேண்டும். படிவத்தை நிரப்புவது என் வேலை.

நிரப்புவது என்றால் போன வருஷத்துத் தாளைப் பார்த்து அப்படியே எழுதுவது. சுமை ஏற்றி இறக்குபவர் மூன்று பேர், அலுவலக உதவியாளர் நான்கு பேர், காவலாளி ஒருவர், எழுத்தர் ஒருவர். முதலாளி கையெழுத்துப் போடுவார். நான்கு வருஷம் அப்படித்தான் போயிற்று.

ஐந்தாவது வருஷம் பழைய ஏஜென்ட் உடம்புக்கு முடியாமல் விலகிக்கொண்டார். அவர் இடத்தில் சிவகிரிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் ஸ்கூட்டரில் வந்தாள். மழைக்கோட்டைக் கழற்றி உதறிவிட்டு, படிவத்தை வாங்கி நின்றபடியே படித்தாள்.

"இந்த நாலு பேரும் ஆபீஸ் உதவியாளர்னு போட்டிருக்கிய. காலையில இருந்து சாயந்திரம் வரைக்கும் என்ன செய்வாவ?"

"டீ வாங்கிட்டு வருவாவ. பில்லு கொண்டுபோய்க் குடுப்பாவ" என்றேன்.

"நாலு பேருமா டீ வாங்கப் போறாவ?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை.

"யக்கா, மூட்டை தூக்குதவருக்கு ஒரு ரேட்டு, உட்கார்ந்து எழுதுதவருக்கு ஒரு ரேட்டு. பிரீமியம் குறையட்டும்னு எல்லாரும் இப்பிடித்தான் மாத்தி எழுதுதாவ. நாளைக்கு அந்த ஆளு மேல மூட்டை விழுந்தா கம்பெனி என்ன கேக்கும் தெரியுமா? ஆபீஸ்ல இருக்க வேண்டியவருக்கு லாரிக்கிட்ட என்ன வேலைன்னு கேக்கும். கம்பெனி கைய விரிச்சுட்டாலும் சட்டம் உங்க முதலாளிய விடாது. வெள்ளிக்கிழமை வாரேன். பாத்து எழுதி வைங்க."

அன்று மத்தியானம் சோறு இறங்கவில்லை. நான்கு வருஷமாக எழுதியிருக்கிறேன். இவர்கள் நிஜமாகவே என்ன செய்கிறார்கள் என்று ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. பார்க்காமலா இருந்தேன்? தினமும் கண்முன்னால்தான் நடந்தது. ஆனால் தாளுக்கும் அதற்கும் சம்பந்தம் இருப்பதாக எனக்குத் தோன்றவே இல்லை.

மறுநாளிலிருந்து ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். யார் எங்கே நிற்கிறார், எதைத் தூக்குகிறார் என்று அரை மணிக்கு ஒரு தடவை எழுதினேன். எழுத எழுத இன்னும் பதற்றமாகிக்கொண்டே போனது. உதவியாளர் என்று நான் எழுதிய நான்கு பேரும் காலை எட்டரை மணியிலிருந்து மூட்டைக்குக் கீழேதான் இருந்தார்கள். சுமைக்காரர் என்று எழுதிய ஒருவர் இடுப்பு வலியோடு மூலையில் உட்கார்ந்து சாக்குத் தைத்துக்கொண்டிருந்தார். ஏமாற்றுவதற்காக எழுதிய பட்டியல் என்று நினைத்திருந்தேன். ஏமாற்றக்கூட யாரும் மெனக்கெடவில்லை. எந்தக் காலத்திலோ எழுதியது, அப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

அந்த மூன்று நாளும் சாரல் விடவில்லை. லாரியின் பின்பக்கத்திலிருந்து குடோன் மேடைக்கு ஒரு பலகை போட்டிருப்பார்கள். சாரலில் நனைந்து அது பாசி பிடித்த படிக்கட்டு மாதிரி ஆகிவிடும். தலையில் ஐம்பது கிலோ மூட்டையோடு வெறுங்காலில் அதன்மேல் வரும்போது பெருவிரலை மடக்கி மடக்கி வைப்பார்கள். ஐந்து வருஷமாக அந்த விரல்களை நான் பார்த்ததே இல்லை.

மூன்றாம் நாள் லோடுமேன்களின் மேஸ்திரி என்னை மறித்துக்கொண்டார். வாசுதேவநல்லூர்க்காரர், நாற்பத்தைந்து வயது இருக்கும். என்னைவிட மூத்தவர்தான், ஆனாலும் எல்லாரையும்போல அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"என்னக்கா, மூணு நாளா நோட்டும் கையுமா எங்க பின்னாலயே சுத்துதிய? ஆளக் குறைக்கப் போறாவளா?"

"அதெல்லாம் இல்ல மேஸ்திரி. இன்சூரன்ஸுக்கு."

"இன்சூரன்ஸுக்கு எதுக்கு நாங்க மூத்திரம் பேயப் போறத எல்லாம் எழுதுதிய?"

மற்றவர்களும் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். பெயர்ப் பட்டியலோடு பழைய படிவத்தின் நகலைக் காட்டுவதைத் தவிர வேறு வழி இல்லை. மேஸ்திரி தன் பெயரை விரலால் தேடினார்.

"எம் பேருக்கு நேரா என்ன எழுதியிருக்கு?"

"அலுவலக உதவியாளர்."

 பின்னால் இருந்து ஒருவன், "ஏலே, ஆபீசர் வாராருலே, வழி விடுங்கலே" என்றான். குடோனே சிரித்தது. மேஸ்திரியும் சிரித்தார். தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

"நேத்து நான் பலகையில வழுக்கினேன்லா. நீங்களும் பாத்தியள்லா. விழுந்திருந்தா?"

தாளை மடித்து நோட்டுக்குள் வைத்தேன். பதில் எனக்குத் தெரியும்.

வியாழக்கிழமை முதலாளியிடம் போனேன். அறுபதைத் தாண்டியவர், மோசமான மனுஷர் இல்லை. யார் வீட்டில் கல்யாணம், சாவு என்றாலும் முதலில் வந்து நிற்பார். ஆனால் தாள், படிவம் என்றால் அவருக்கு எரிச்சல்.

"ஏம்மா, ஒனக்கு இருக்க வேலை போதலையா? இருபது வருஷமா இப்பிடித்தான் எழுதுதோம். ஒரு ஆளுக்கு ஒண்ணு ஆயிருக்கா?"

"ஆகலை அண்ணாச்சி."

"பெறவு என்ன?"

எனக்கு வாதாட வராது. "ஒரு அஞ்சு நிமிஷம் வந்து பலகைக்கிட்ட நில்லுங்க அண்ணாச்சி" என்றேன். என்னமோ முனகிக்கொண்டே குடையை எடுத்துக்கொண்டு வந்தார். அரிசி இறங்கிக்கொண்டிருந்தது. நான்காவதாக வந்த ஆளின் இடது கால் பலகையில் சர்ரென்று போய்விட்டது. அவன் மூட்டையைத் தள்ளிவிட்டு எப்படியோ லாரிச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டான். மூட்டை தரையில் விழுந்து வெடித்து அரிசி சகதியில் சிதறியது. ஒரு நிமிஷத்துக்கு முன்னால்தான் மேஸ்திரி அந்த இடத்தில் குனிந்து கொக்கியைத் தேடிக்கொண்டிருந்தார்.

முதலாளி அரிசியைப் பார்க்கவில்லை. சங்கிலியில் தொங்கியவனையே பார்த்தார். அறைக்குத் திரும்பி வந்து தண்ணீர் குடித்தார்.

"எழுது. ஏழு பேரையும் எழுது" என்றார்.

அன்று மாலையே எழுதினேன். சுமை ஏற்றி இறக்குபவர் ஏழு பேர். காவலாளி ஒருவர். எழுத்தர் ஒருவர். கடைசி வரியை எழுத ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. நல்ல காரியம் செய்துவிட்ட திருப்தியில் அன்று பஸ்ஸில் இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வீட்டுக்குப் போனேன்.

வெள்ளிக்கிழமை ஏஜென்ட் வந்து குடோனைச் சுற்றிப் பார்த்தாள். பலகையில் குறுக்குச் சட்டம் அடிக்கச் சொன்னாள், எல்லாருக்கும் ஷூ வாங்கச் சொன்னாள். முதலாளி இரண்டையும் செய்தார். ஷூவை இரண்டு நாள் போட்டுப் பார்த்துவிட்டுக் கழற்றி வைத்துவிட்டார்கள். விரல் பிடிமானம் கிடைக்கவில்லையாம். குறுக்குச் சட்டம் மட்டும் நின்றது, அது உதவியது. அடுத்த மூன்று வாரத்தில் பலகையில் ஒருவர்கூட வழுக்கவில்லை.

விழுந்தது நான்.

என் அம்மா ஊர் மலைக்கு அந்தப் பக்கம். ஐந்தாம் வகுப்பு வரை அங்கேதான் படித்தேன், மலையாளம் நன்றாக வாசிப்பேன். குடோனில் வேறு யாருக்கும் தெரியாது. கேரளாவிலிருந்து வரும் கட்டுகளில் எந்தச் சரக்கு யாருக்கு என்கிற மார்க்கா மலையாளத்தில்தான் இருக்கும். அதனால் நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வாரத்திலிருந்தே அந்த லாரிகள் வந்தால் மேலே ஏறிப் பார்த்துச் சொல்வது என் பழக்கம். யாரும் ஏறச் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கு அது பிடிக்கும். நாற்காலியிலிருந்து எழுந்திருக்க ஒரு காரணம். சேலையைச் செருகிக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, டயரில் ஒரு கால், கொக்கியில் ஒரு கால் வைத்தால் மேலே போய்விடலாம். ஏறி நின்றால் குற்றால மலை முழுக்கத் தெரியும்.

அது ஒரு மத்தியானம், மூன்று மணி இருக்கும். ரப்பர் ஷீட் லாரி. தார்ப்பாய் கிழிந்து மேல் அடுக்கு முழுக்க நனைந்திருந்தது. வரிசையாக வாசித்துக்கொண்டே போனேன். ஒரு கட்டின் மார்க்கா பின்பக்கமாகத் திரும்பியிருந்தது. கீழே நின்ற மேஸ்திரி, "அத விடுங்கக்கா, நாங்க திருப்பித் தாரோம்" என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. கட்டின் கயிற்றைப் பிடித்து இழுத்தேன். அது வந்தது. அதோடு மேலே இருந்த கட்டும் வந்தது. பின்னால் சாய்ந்தேன். வலது கால் கட்டுக்கும் லாரியின் பக்கப் பலகைக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. முருங்கைக் கிளை முறிகிற மாதிரி ஒரு சத்தம். என் கால்தான் என்று உடனே தெரியவில்லை.

"அக்காவ இறக்குங்கலே! ஆட்டோவக் கூப்பிடுலே!"

நான்கு பேர் என்னைத் தூக்கி அந்தப் பலகை வழியாகவே இறக்கினார்கள். "மெதுவா, மெதுவா" என்று மேஸ்திரி சொல்லிக்கொண்டே வந்தது நினைவிருக்கிறது. என் எடையும் கிட்டத்தட்ட ஒரு மூட்டைதான்.

கணுக்கால் இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. ஆபரேஷன் செய்து தகடு வைத்தார்கள். மூன்று மாசம் காலை ஊன்றக் கூடாது என்று டாக்டர் சொன்னபோது, என்னைத் தெரிந்தவர்கள் யாராவது பக்கத்தில் இருந்திருந்தால் சிரித்திருப்பார்கள்.

இரண்டாம் நாள் முதலாளி ஆரஞ்சுப் பழப் பையோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். என் காலைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"கம்பெனிக்குத் தகவல் சொல்லியாச்சு. விசாரிக்க ஆள் வருவாவ. ஸ்டூல்ல ஏறி பைல் எடுக்கையில விழுந்தேன்னு சொல்லிரும்மா."

நான் அவரையே பார்த்தேன்.

"பொய் சொல்லச் சொல்லலம்மா. அப்பிடியும் விழுந்திருக்கலாம்லா? எழுத்தர் ஆபீஸ்ல விழுந்தா ஒரு கேள்வியும் இல்ல. லாரியில விழுந்தேன்னு சொன்னா, எழுத்தருக்கு லாரியில என்ன வேலைன்னு கேப்பான். ஒம் பேச்சக் கேட்டு நான் ஏழு பேரையும் எழுதினேன். ஒன்ன மட்டும் நீயே தப்பா எழுதிட்ட."

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். வருத்தமாகச் சொன்னார். ஒரு ஆரஞ்சை உரித்து, சுளையை என் கையில் வைத்துவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்தபின் நாட்கள் நகரவில்லை. கட்டில் ஜன்னலை ஒட்டி இருந்தது. நடவு முடிந்த வயலில் கொக்குகள் இறங்குவதையும் ஏறுவதையும் எத்தனை நேரம் பார்ப்பது? மகள் பள்ளிக்கூடம் போய்விடுவாள். பக்கத்து வீட்டுப் பெண் வந்து சோறு வைத்துக் கொடுத்துவிட்டுப் போவாள். நான் படுத்தபடியே இடது காலை ஆட்டிக்கொண்டிருப்பேன். கட்டில் கிரீச் கிரீச்சென்று கத்தும். ஸ்டூல், லாரி, ஸ்டூல், லாரி என்று மனசு அங்கும் இங்கும் போய்க்கொண்டே இருந்தது.

ஸ்டூல் என்று சொன்னால் எல்லாருக்கும் நல்லது. முதலாளிக்குச் செலவு இல்லை, எனக்குச் சேர வேண்டியது தாமதமில்லாமல் வரும். யாருக்கு என்ன நஷ்டம்? இப்படி நினைத்த அடுத்த நிமிஷமே, தாளில் தன் பெயரைத் தேடிய மேஸ்திரியின் விரல் ஞாபகத்துக்கு வரும். அவர்கள் விஷயத்தில் தாளில் உண்மை இருக்க வேண்டும் என்று நோட்டைத் தூக்கிக்கொண்டு திரிந்தேன். என் விஷயத்தில் மட்டும் வேண்டாமா? ஆனால் உண்மையைச் சொன்னால் அடி விழுவது என் பேச்சைக் கேட்டு நடந்த மனுஷருக்கு. எந்தப் பக்கம் புரண்டாலும் குத்தியது.

ராத்திரி கணவர் போன் செய்தார். எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "எதச் சொன்னாலும் ஒரே மாதிரி சொல்லு. மாத்தி மாத்திச் சொல்லாத. விசாரணைல அதுதான் முக்கியம்" என்றார். ராணுவத்தில் பழகின ஆள். எனக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

பத்து நாள் போயிருக்கும். ஒரு காலையில் மேஸ்திரியிடமிருந்து வாட்ஸ்அப்பில் வரிசையாகப் படங்கள் வந்தன. எல்லாம் ரப்பர் கட்டுகள். கூடவே அவர் குரல்: "யக்கா, கோவிச்சுக்கிடாதிய. லாரி வந்து நிக்கி. யாருக்கும் வாசிக்கத் தெரியல. படுத்துக்கிட்டே கொஞ்சம் பாத்துச் சொல்லுதியளா?"

பாய்ந்து போனை எடுத்தேன். ஒவ்வொரு படத்துக்கும் எந்தக் கடை, எத்தனை கட்டு என்று பேசி அனுப்பினேன். கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. மனசுக்கு எவ்வளவோ இதமாக இருந்தது. மறுநாளும் வந்தது, அதற்கு அடுத்த நாளும் வந்தது. நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, ஒரு படத்தைப் பெரிதாக்கி வாசித்துக்கொண்டிருந்தபோதுதான் சட்டென்று உறைத்தது. கட்டைக் கீழே இறக்கி வைத்து, நிதானமாக எடுத்த படம் அது. லாரிமேல் ஒரு ஆளும் இல்லை. ஐந்து வருஷமாக நான் ஏறியிருக்கவே வேண்டாம். இறக்கிய பிறகு தரையில் நின்று வாசித்திருக்கலாம். என் பையில் எப்போதும் போன் இருந்தது. ஒருவருக்கும் தோன்றவில்லை. நோட்டைத் தூக்கிக்கொண்டு எல்லாருடைய வேலையையும் அளந்த எனக்கும் தோன்றவில்லை. போர்வையை இழுத்து மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன். வலியில்கூட அப்படி அழவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மேஸ்திரியும் இன்னொரு லோடுமேனும் வீட்டுக்கு வந்தார்கள். வாசலில் நின்று தயங்கி, பிறகு உள்ளே வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்கள்.

"முதலாளி ஸ்டூலுன்னு சொன்னாவ" என்றார் மேஸ்திரி. "நீங்க என்ன சொல்லுதியளோ அதத்தான் நாங்களும் சொல்லுவோம். ஒரே ஒரு சந்தேகம்."

"என்ன?"

"நம்ம ஆபீஸ்ல ஸ்டூலே கிடையாதேக்கா."

எனக்கு வாய்விட்டுச் சிரிப்பு வந்துவிட்டது. கூட வந்தவன் குறுக்கே சொன்னான்: "இப்ப இருக்கு. முதலாளி நேத்து ஒண்ணு வாங்கிட்டு வந்து பீரோக்கிட்ட போட்டிருக்காவ."

சிரித்து முடித்ததும்தான் யோசித்தேன். என்னைத் தூக்கி இறக்கிய நான்கு பேரும், ஆட்டோவில் என் காலைத் தன் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு வந்த மேஸ்திரியும், நான் சொல்லும் ஒரு வார்த்தைக்காக, இல்லாத ஸ்டூலைப் பார்த்ததாகச் சொல்லப் போகிறார்கள். நாளைக்கு இவர்களில் ஒருவருக்கு அடிபட்டால், எது நடந்ததோ அதைச் சொல் என்று எந்த முகத்தோடு நான் சொல்வேன்?

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம் மேஸ்திரி. யாரு கேட்டாலும் அக்காவக் கேளுங்கன்னு சொல்லிருங்க" என்றேன்.

விசாரணைக்கு வந்தவர் மதுரைக்காரர். ஐம்பது வயது இருக்கும். தலை ஈரமாக இருந்தது, பையின்மேல் நனைந்த துண்டு ஒன்று மடித்துக் கிடந்தது. "தப்பா நினைக்காதீங்கம்மா. ஐந்தருவில கூட்டமே இல்ல. வந்ததுக்கு ஒரு குளியல் போட்டுட்டேன்" என்றார். அப்படி ஒரு ஆளிடம் பயப்படுவது கஷ்டம். எனக்கு என்னவோ பயமாகத்தான் இருந்தது.

"எங்க விழுந்தீங்க?"

"லாரில."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "நீங்க எழுத்தர்தானே? அன்னைக்கு ஆள் இல்லாம ஒரு நாள் மட்டும் ஏறினீங்களா?"

அந்தக் கேள்வியிலேயே எனக்கு ஒரு கதவைத் திறந்து வைத்திருந்தார். ஆமாம் என்று ஒரு சொல் போதும். பாதி உண்மை, பாதிப் பொய். எழுத்தர் அவசரத்துக்கு ஒரு நாள் ஏறினாள் என்றால் அது மன்னிக்கக்கூடியது. என் இடது கால் ஆடத் தொடங்கியது. கட்டில் கத்தியது.

"இல்ல சார். அஞ்சு வருஷமா ஏறுதேன். கேரளா லாரி வர்ற எல்லா நாளும்."

பேனா நின்றது. "இந்தப் படிவத்தை யார் எழுதினது?"

"நான்தான்."

"ஏழு பேரைச் சரியா மாத்தி எழுதியிருக்கீங்க. உங்களை ஏன் எழுத்தர்னு போட்டீங்க?"

"எனக்கு ஒரு நாற்காலி இருக்கு சார். அதனால போட்டுட்டேன்."

அவர் கொஞ்ச நேரம் எழுதினார். எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினார். கிளம்பும்போது வாசலில் நின்று, "காலைலயே உங்க குடோனுக்குப் போயிட்டுத்தான் வர்றேன். ஏழு பேரும் அக்காவக் கேளுங்க, அக்காவக் கேளுங்கன்னு ஒரே பாட்டு. பீரோகிட்ட ஒரு ஸ்டூல் இருந்தது. விலைச் சீட்டுகூடக் கிழிக்கல" என்றார்.  துண்டை எடுத்துத் தலையைத் துடைத்துக்கொண்டே பஸ்ஸுக்கு நடந்தார்.

அன்று மாலையே முதலாளிக்கு நான்தான் போன் செய்தேன். என்ன சொன்னேன் என்று அப்படியே சொன்னேன்.  அந்தப் பக்கம் லாரி பின்னால் வருகிற பீப் பீப் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு போனை வைத்துவிட்டார். அதற்கப்புறம் ஐந்து வாரம் அவர் பேசவில்லை. மேஸ்திரியின் படங்கள் மட்டும் தவறாமல் வந்தன. அந்த ஐந்து வாரத்தில் என்னை வேலையை விட்டு நிறுத்திவிட்டார் என்று ஒரு நாள் தோன்றும். அடுத்த நாள், நிறுத்தினால் நிறுத்தட்டும் என்று தோன்றும். ஊன்றுகோலோடு வீட்டுக்குள் நடக்க ஆரம்பித்திருந்தேன். சுவரிலிருந்து சுவருக்குப் பதினொரு எட்டு.

கம்பெனியின் முடிவு புரட்டாசியில் வந்தது. முழுசாக மறுக்கவில்லை. வேலையின் வகை தவறாகக் குறிப்பிடப்பட்டிருப்பதால் குறைத்துத் தருவதாகவும், மீதி முதலாளியின் பொறுப்பு என்றும் எழுதியிருந்தார்கள். அந்தக் கடிதத்தோடு முதலாளியே வடகரைக்கு வந்தார். முற்றத்தில் நின்றுகொண்டு, உள்ளே வரமாட்டேன் என்றார். பிறகு வந்தார்.

"எனக்குக் கோபம்தான்" என்றார். "இல்லன்னு சொல்ல மாட்டேன். அந்த ஸ்டூல வாங்குனதுக்கு எம் பொண்டாட்டி இன்னைக்கு வரைக்கும் சிரிக்கா."

"மன்னிச்சுக்கிடுங்க அண்ணாச்சி."

"எதுக்கு மன்னிப்பு? மீதிய நான் தாரேன். தர மாட்டேன்னு எப்பச் சொன்னேன்?" கடிதத்தை மடித்துக்கொண்டே, "எப்ப வேலைக்கு வருத?" என்றார்.

ஐப்பசியில் திரும்பிப் போனேன். இன்னும் கொஞ்சம் சாய்ந்துதான் நடக்கிறேன், மழைக்காலத்தில் தகடு வைத்த இடம் குளிரில் வலிக்கும். போன முதல் வேலையாக ஏஜென்ட்டை வரவழைத்து, பாலிசியில் என் பெயருக்கு நேரே திருத்தம் போடச் சொன்னேன்: எழுத்தர் மற்றும் சரக்குச் சரிபார்ப்பவர். முதலாளிக்குப் புரியவில்லை.

"இனி நீ ஏற மாட்டியே. பெறவு எதுக்கு?"

"இறக்குத இடத்துல நிக்கேன்லா அண்ணாச்சி."

அவர் தோளைக் குலுக்கிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். இப்போது கேரளா லாரி வந்தால் கட்டுகளைத் தரையில் இறக்கி வரிசையாக வைப்பார்கள், நான் நடந்து வாசிப்பேன். ஆனாலும் லாரிச் சத்தம் கேட்டால் என் உடம்பு தானாக எழுந்துவிடுகிறது. டயரில் கால் வைக்கப் போவேன். மேஸ்திரி மேலே இருந்து கையைக் காட்டுவார்: "யக்கா, அங்கனயே நில்லுங்க."

கார்த்திகையில் ஒரு நாள். மழையில் மலைச்சாலை அடைத்து லாரிகள் பிந்தி, மூன்று வண்டி ஒரே நேரத்தில் வந்து நின்றன. ஒரு லாரியில் கயிறு சிக்கிக்கொண்டது. பொறுமை இழந்த முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பலகையில் ஏறிவிட்டார். நான் அறைக்குள்ளிருந்து ஓடினேன். ஓட வராத காலோடு எப்படி ஓடினேனோ தெரியாது.

"அண்ணாச்சி, இறங்குங்க!"

"எங் குடோன்ல நான் ஏறக் கூடாதா?"

"ஒங்களுக்கு அந்தப் படிவத்துல கட்டமே கிடையாது அண்ணாச்சி! விழுந்தா யாரு பாப்பா?"

அவர் பாதிப் பலகையில் நின்று என்னைப் பார்த்தார். மழை கூடிக்கொண்டிருந்தது. மேஸ்திரி தலையிலிருந்த மூட்டையை இறக்கி வைத்துவிட்டு வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். முனகிக்கொண்டே, ஒவ்வொரு சட்டத்திலும் காலை ஊன்றி, முதலாளி பின்பக்கமாக இறங்கி வந்தார்.